திறந்த சேகரிப்பான்: ஒரு சொல்லும் அதன் பொருளும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஓர் இலக்கியக் கட்டுரையே என்பதை யாம் அறிவோம். காப்பியம் ஒன்றைப் பற்றியோ இலக்கண நுட்பம் ஒன்றைப் பற்றியோ எழுதுதல் எமக்குப் பழகிய தொழில். ஆயினும் இம்முறை இலத்திரனியற் சுற்றுக்களில் வழங்கும் ஒரு சொல்லை எடுத்து விளக்க முற்படுகின்றோம். பிறர் புலத்தில் இவர் ஏன் ஏர் பூட்டுகின்றார் என விஞ்ஞான ஆசிரியர்கள் நகைத்தல் கூடும். அச்சொல்லாற் பிழை செய்தவர் யாமே. ஆதலின் அதனைத் திருத்தும் கடனும் எம்முடையதே.

பிழை பிறந்த வரலாறு

2011ஆம் ஆண்டு சனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை நம்மவர் எவரும் மறவார். அவ்வெள்ளத்தைச் சிறுவராய்க் கண்ட மாணாக்கர் மூவர், சில ஆண்டுகளின் பின் உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காக வெள்ள அறிவிப்புப் பொறி ஒன்றை அமைக்க முனைந்தனர். மூன்று கண்ணாடிக் குவளைகள் மூன்று வாய்க்கால்களைக் குறிக்கும். எந்தக் குவளையில் நீர் எல்லை கடப்பினும், ஒரே செந்நிற விளக்கு எரிதல் வேண்டும். இதற்கென அவர்கள் வாங்கியது, நான்கு ஒப்பீட்டுச் சுற்றுக்கள் அடங்கிய ‘எல்.எம். 339’ என்னும் சிறு சில்லு.

அச்சில்லின் ஆங்கிலக் குறிப்பேட்டை எம்மிடம் கொணர்ந்து, “ஐயா, ‘திறந்த சேகரிப்பான் பயப்பு’ என்று வருகின்றதே, அதன் கருத்தென்ன?” என வினவினர். பயப்பு என்பது சுற்று வெளியே தரும் பயன் என்பது எமக்குத் தெரியும். ‘திறந்த’ என்னுஞ் சொல்லை நோக்கினோம். திறந்த வாயில், திறந்த மடை என்பன நினைவில் வந்தன. பொருளை ஆராயாது, ‘தடையின்றி மின்னைத் தரும் வாய்’ என அவர்தம் விளக்கக் கையேட்டில் எழுதிக் கொடுத்தோம். அதனை நம்பி, பயப்புக்கும் புவிக்கும் இடையில் விளக்கைத் தொடுத்தனர். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை குவளைகள் விளிம்புவரை நிறைந்தன, விளக்கோ எரியவில்லை. சில்லு பழுதென்று எண்ணி வேறொன்று மாற்றினர். அதுவும் எரியாமற் போகவே மூன்றாவதையும் பொருத்தினர். காசு கரைந்ததேயன்றிப் பயன் விளையவில்லை.

அயலில் வானொலி திருத்தும் தொழில் செய்யும் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் சுற்றைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, “தம்பிமாரே, கீழே இழுக்க ஆள் இருக்குது, மேலே தூக்க ஆள் எங்கே?” என்றார். பின்னர் விளக்கைக் கழற்றி, அதனை ஒரு தடையியோடு சேர்த்து நேர்முனைக்கும் பயப்புக்கும் இடையில் தொடுத்தார். விளக்கு உடனே எரிந்தது. மாணாக்கர் மகிழ்ந்தனர்; யாம் நாணினோம். அந்தத் தொழிலாளரின் ஒரு கேள்வியே இக்கட்டுரையின் வித்து.

காலியும் அடியும் சேகரிப்பானும்

திறந்தது எது என அறியவேண்டின், சேகரிப்பான் எது என முன்னர் அறிதல் வேண்டும். 1947ஆம் ஆண்டு திசெம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், பார்டீன், பிராட்டெயின் என்னும் இருவர் குறைகடத்தித் துண்டொன்றைக் கொண்டு மின்குறிகளைப் பெருக்கிக் காட்டினர். அதுவே திரான்சிற்றரின் பிறப்பு. அவர்களோடு அத்துறையிற் பணிபுரிந்த ஷொக்லி, சந்தித் திரான்சிற்றரின் கொள்கையை வகுத்தார். மூவருக்கும் 1956ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

திரான்சிற்றருக்கு முனைகள் மூன்று. அவற்றை நம் நாட்டுப் பௌதிக நூல்கள் காலி, அடி, சேகரிப்பான் என வழங்கும். ‘காலி’ என்றதும் மாணாக்கர் தெற்கிலுள்ள நகரத்தையோ வெறுமையையோ எண்ணி நகைப்பர். ஆயின், காலுதல் என்பது உமிழ்தல், வெளிவிடுதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. இலத்திரன்களை வெளிவிடுவதாதலின் அம்முனை காலி ஆயிற்று. ஒளியை உமிழும் சிறு விளக்கை ஒளிகாலும் இருவாயி என்பதும் இவ்வினை பற்றியே. காலியிலிருந்து புறப்படும் இலத்திரன்களைத் தன்பாற் சேர்த்துக் கொள்வது சேகரிப்பான். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, வழிவிடுவதும் மறுப்பதும் அடி. நாம் வழக்கமாய்க் கூறும் மின்னோட்டம் இலத்திரன் செல்லுந் திசைக்கு எதிரானது. ஆதலின், இங்குக் கூறும் வகைத் திரான்சிற்றரில் மின்னோட்டம் சேகரிப்பானிற் புகுந்து காலிவழி வெளியேறும் என்க.

அடிக்கும் காலிக்கும் இடையில் ஏறத்தாழ 0.7 வோல்ற்று அமைந்து, சிற்றளவு ஓட்டம் அடியிற் புகுமாயின், சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையே வழி திறக்கும். இடையில் நிற்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.2 வோல்ற்றாகச் சுருங்கும். அடியில் ஓட்டம் இல்லையேல் வழி அடைபடும். இவ்வாறு திரான்சிற்றர் ஓர் ஆளியாகத் தொழிற்படும்.

அவ்வாளியின் காலியைச் சில்லினுள்ளேயே புவியோடு தொடுத்து, சேகரிப்பானை மட்டும் வேறெதனோடும் தொடுக்காது வெளிக்காலாக விட்டுவிடுவதே திறந்த சேகரிப்பான் பயப்பு. மேலே நேர்முனையோடு அதனை இணைக்கும் பகுதி சில்லினுள் இல்லை. சுற்றை அமைப்பவரே அதனை வெளியிற் சேர்த்தல் வேண்டும். ஆகவே, ‘திறந்த’ என்பதற்குக் கொடை மிகுந்தது என்பது பொருளன்று. முடிக்கப்படாது விடப்பட்டது என்பதே பொருள். யாம் வழுவிய இடம் இதுவே.

வட்டைக் கயிறு

இதனை நம் நிலத்துக் காட்சி ஒன்றால் தெளிவிப்பாம். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பத்தவர், கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரண் கட்டி இராக்காவல் இருப்பர். ஒரு வட்டையில் மூன்று பரண்கள் உள்ளன எனவும், வாடியின் அருகே வளைந்து நிமிரும் ஒரு கம்பு நாட்டப்பட்டுள்ளது எனவும் கொள்வோம். அக்கம்பின் நுனியிற் கட்டிய ஒரே கயிறு மூன்று பரண்களையும் தொட்டுச் செல்கின்றது. எந்தப் பரணில் இருப்பவர் கயிற்றை இழுப்பினும் கம்பின் நுனி தாழும். அதிற் கட்டிய தகரப் பேணி ஒலிக்கும். இழுத்தவர் கையை விட்டால், கம்பு தானாகவே நிமிரும்.

ஈண்டுக் காவலர் மூவரும் மூன்று திரான்சிற்றர்கள். கயிறு, பயப்புக்களை ஒன்றாய் இணைக்கும் கம்பி. நுனியின் உயரம், அக்கம்பியின் அழுத்தம். நிமிர்க்குங் கம்பு, நேர்முனைக்கும் கம்பிக்கும் இடையே நாம் வெளியிற் சேர்க்கும் தடையி. அதனை மேலிழு தடையி எனலாம். கயிற்றால் இழுக்கலாமேயன்றித் தள்ளல் ஆகாது. அவ்வாறே திறந்த சேகரிப்பானாலும் கம்பியைத் தாழ்த்தலாமேயன்றி உயர்த்தல் ஆகாது. உயர்த்துந் தொழில் முழுவதும் மேலிழு தடையிக்கே உரியது. நிமிர்க்குங் கம்பை நாட்டாது கயிற்றை மட்டும் நிலத்திற் கிடத்தினால், காவலர் எத்துணை இழுப்பினும் பேணி ஒலியாது. எம் மாணாக்கர் சுற்றில் நேர்ந்தது இதுவே.

ஏனைய பயப்புக்களை ஏன் இணைத்தல் ஆகாது?

எல்லாச் சில்லுகளும் இவ்வகையின அல்ல. 1958இல் கில்பி என்பார் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தில் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார். 1960களில் அந்நிறுவனம் வெளியிட்ட 74 என்னும் வரிசை, தருக்கப் படலைகளை உலகெங்கும் பரப்பியது. வீட்டு முற்றத்துப் படலை ஆளை விடுவதும் தடுப்பதும்போல, மின்குறியை விதிப்படி விடுவதும் தடுப்பதும் தருக்கப் படலையின் தொழில். அவ்வரிசையின் 7400 என்னும் சில்லில் நான்கு படலைகள் உள. அவற்றின் பயப்பில் மேலே தள்ள ஒரு திரான்சிற்றரும் கீழே இழுக்க ஒரு திரான்சிற்றருமாக இரண்டு மாறிமாறித் தொழிற்படும். இது விரைவுடையது, வெளித் தடையியும் வேண்டாதது.

ஆயினும் இத்தகைய இரண்டு பயப்புக்களை ஒரே கம்பியில் இணைத்தல் தவறு. கயிற்றுக்குப் பதிலாக ஒரு விறைத்த மரக்கோலை இருவர் இரு முனையிற் பற்றி, ஒருவர் மேலே தள்ள மற்றவர் கீழே அமுக்கினால், கோல் முறியும் அல்லது ஒருவர் கை வழுவும். சுற்றிலும் அவ்வாறே, ஒன்றின் மேல் திரான்சிற்றர்வழி வந்த ஓட்டம் மற்றதன் கீழ்த் திரான்சிற்றர்வழி நேரே புவிக்குப் பாயும். சில்லு வெப்பமுறும், கம்பியின் அழுத்தம் உயர்வுமின்றித் தாழ்வுமின்றி இடைநடுவில் நிற்கும், சிலவேளை சில்லே அழியும்.

இவ்விடரை நீக்கவே அதே வரிசையில் 7403 என்னுஞ் சில்லும் வைக்கப்பட்டது. கால்களின் ஒழுங்கும் படலையின் விதியும் 7400க்கு உரியனவே; பயப்பு மட்டும் திறந்த சேகரிப்பான். ஒன்றிருந்த இடத்தில் மற்றதைப் பொருத்தலாம் என எண்ணுவோர் மேலிழு தடையியை மறவாதிருத்தல் வேண்டும்.

உம்மும் ஆவதும்

இங்கே தமிழாசிரியருக்கு உரிய ஓரிடம் வருகின்றது. வட்டைக் கயிற்றின் இயல்பை இரண்டு வாக்கியங்களாற் கூறலாம். ‘எல்லாரும் விட்டால் நுனி உயரும்’ என்பது ஒன்று. ‘எவராவது இழுத்தால் நுனி தாழும்’ என்பது மற்றொன்று. முன்னதில் ‘உம்’ நின்று அனைவரையும் தழுவுகின்றது. பின்னதில் ‘ஆவது’ நின்று ஒருவரேனும் போதும் என்கின்றது. இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

தருக்கப் படலைகளில் ‘உம்’ என்பதற்கு ஒரு படலையும் ‘ஆவது’ என்பதற்கு ஒரு படலையும் தனித்தனியே உண்டு. திறந்த சேகரிப்பான்களை ஒரு கம்பியில் இணைக்கும்போதோ, படலை எதுவும் சேர்க்காமலே, கம்பியே அத்தருக்கத்தைச் செய்துவிடுகின்றது. உயர்வைச் செய்தியாகக் கொண்டால் அது ‘உம்’. தாழ்வைச் செய்தியாகக் கொண்டால் அது ‘ஆவது’. வெள்ள அறிவிப்புக்கு வேண்டியது பின்னதே. மூன்று வாய்க்கால்களுள் ஏதாவது ஒன்று பெருகினாற் போதும், விளக்கு எரிதல் வேண்டும்.

தடையியின் அளவு

மேலிழு தடையி எத்தனை ஓம் ஆதல் வேண்டும் என்பது அடுத்த வினா. நிமிர்க்குங் கம்பு மிக விறைத்ததாயின் காவலரால் அதனைத் தாழ்த்தல் அரிது. மிகத் தளர்ந்ததாயின் கையை விட்டபின் மெல்ல மெல்லவே நிமிரும், மழையில் நனைந்து பாரித்த கயிறாயின் இன்னும் தாமதிக்கும். தடையிக்கும் இவ்விரு எல்லைகள் உள.

5 வோல்ற்று வழங்கலில் 10,000 ஓம் தடையியைச் சேர்ப்போம். திரான்சிற்றர் கம்பியை 0.2 வோல்ற்றுக்கு இழுக்கும்போது தடையியின் குறுக்கே 4.8 வோல்ற்று நிற்கும்; அதன்வழிப் பாயும் ஓட்டம் 0.48 மில்லிஅம்பியர். இஃது எளிதிற் சுமக்கத்தக்கது. தடையி 1,000 ஓமாயின் 4.8 மில்லிஅம்பியர்; 100 ஓமாயின் 48 மில்லிஅம்பியர். 7403 போன்ற சில்லின் ஒரு பயப்பு, தாழ்நிலையில் ஏற்கத்தக்க ஓட்டம் 16 மில்லிஅம்பியரே. எனவே 100 ஓம் அதற்கு ஆகாது.

மறுபுறம், நீண்ட கம்பிக்குச் சிறிது மின்கொள்ளளவு உண்டு. அது நனைந்த கயிற்றின் பாரத்தை ஒக்கும். கொள்ளளவு 100 பிக்கோபரட்டு எனவும் தடையி 10,000 ஓம் எனவும் கொண்டால், இரண்டன் பெருக்கம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்நேரத்துள் அழுத்தம் தன் முழு உயர்வில் ஏறத்தாழ 63 வீதத்தை எய்தும். தடையியைப் பத்து மடங்காக்கினால் தாமதமும் பத்து மடங்காகும். வெள்ள விளக்குக்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று. விரைந்து செய்தி பரிமாறும் கணினிச் சுற்றுக்கோ பெரும் பொருட்டு.

எம் மாணாக்கர் சுற்றிற் சேர்த்தது 1,000 ஓம். ஒளிகாலும் இருவாயி ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தனக்கெனக் கொள்ளும், திரான்சிற்றர் 0.2 வோல்ற்றைக் கொள்ளும், எஞ்சிய 2.8 வோல்ற்று தடையிக்குரியது. ஆகவே ஓட்டம் 2.8 மில்லிஅம்பியர். செவ்விளக்கு தெளிவாய் எரிய அது போதும்; சில்லுக்கும் கேடில்லை.

பிற பயன்கள்

மேலே இழுக்கும் முனை சில்லின் வழங்கலோடு ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. 7406 என்னுஞ் சில்லு 5 வோல்ற்றில் இயங்கும். அதன் திறந்த சேகரிப்பான்களோ 30 வோல்ற்றுவரை தாங்கி, 40 மில்லிஅம்பியர்வரை ஏற்கும். ஆதலின் 12 வோல்ற்று விளக்கையோ சிறு ரிலேயையோ அதனால் இயக்கலாம். ரிலேயின் சுருளை இயக்குங்கால், அதன் குறுக்கே ஓர் இருவாயியை எதிர்முகமாய்ச் சேர்த்தல் இன்றியமையாதது. ஓட்டம் திடீரென நிற்கும்போது சுருளில் எழும் பேரழுத்தம் திரான்சிற்றரை அழித்துவிடும்.

1982இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ2சி என்னும் செய்திமுறையும் இவ்வடிப்படையதே. ஒரே இரட்டைக் கம்பியிற் பல சில்லுகள் இணைந்து, ஒன்றாற் செய்தியையும் மற்றொன்றாற் காலத்தையும் பரிமாறிக் கொள்கின்றன. புலவிளைவுத் திரான்சிற்றரில் சேகரிப்பானுக்கு ஒத்த முனை வடிகால் எனப்படுதலின், அங்கே ‘திறந்த வடிகால்’ என்பது வழக்கு. தலைமை தாங்கத்தக்க இரு சில்லுகள் ஒரே வேளையிற் பேசத் தொடங்கினால் என் செய்வது? ஒன்று தான் கம்பியை விட்டபின்னும் அது தாழ்ந்தே நிற்கக் காணுமாயின், வேறொருவர் பேசுகின்றார் என உணர்ந்து தானே ஒதுங்கிவிடும். முந்தியவர் செய்தி சிறிதும் சிதைவதில்லை. கூட்டங்களில் நாம் கைக்கொள்ள வேண்டிய நாகரிகம் இது!

குறைகள்

இம்முறைக்குக் குறைகளும் உள. பேணி ஒலித்தால், யாரோ இழுத்தார் என்பது தெரியுமேயன்றி எவர் இழுத்தார் என்பது தெரியாது. ஒவ்வொரு பரணாய்ச் சென்று வினவுதல் வேண்டும். ஒரு பரணில் கயிறு சிக்கிக் கொண்டால் நுனி எந்நேரமும் தாழ்ந்தே கிடக்கும். ஒரு திரான்சிற்றர் பழுதாகிப் புவியோடு ஒட்டிக் கொண்டாலும் கம்பி முழுவதும் பயனற்றதாகும். அப்போது பயப்புக்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி, எதனைக் கழற்றியபோது கம்பி உயர்கின்றது எனக் காணுதலே வழி.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கயிறு அறுந்துபோயினும் நுனி உயர்ந்தே நிற்கும். வாடியில் இருப்பவருக்கு ‘எல்லாரும் நலம்’ என்பதும் ‘கயிறு அறுந்தது’ என்பதும் ஒரே அமைதியாகவே தோன்றும். கண்காட்சிப் பொறிக்கு இது சிறு குறை. வெள்ளக் காலத்தில் மக்கள் நம்பி உறங்கும் பொறியாயின் பெருங்கேடு. ஆகவே, காவலர் குறித்த நேரத்தில் ஒருமுறை இழுத்துக் காட்டுவதுபோல, ஒவ்வோர் உணரியும் குறித்த வேளையில் கம்பியை ஒரு கணம் தாழ்த்திக் காட்டுமாறு அமைத்து, அவ்வேளையில் குறி வரத் தவறினால் அதனையே அபாயமாகக் கொள்ளுதல் நன்று. இப்பகுதியை மாணாக்கர் ஊன்றிக் கற்பாராக.

முடிவுரை

காரைதீவிற் பிறந்து இம்மண்ணுக்குப் புகழ் சேர்த்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்து, பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்று உழைத்தவர். பழந்தமிழர் யாழை ஆராயப் புகுந்தபோது சொல்லாராய்ச்சியோடு அமையாது, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு நோக்கினார். சொல்லையும் பொருளையும் பிரித்துக் கற்றல் அவர் அறியாத வழி.

அவ்வழியை யாம் ஒருகால் மறந்தோம். சொல்லை மட்டும் பெயர்த்து, மாணாக்கர் மூவரின் உழைப்பை ஒரு மாலைப்பொழுது வீணாக்கினோம். கண்காட்சியன்று காலை அக்கையேட்டின் பிழையான வரியை அடித்துவிட்டு, ‘கீழே இழுக்கும், மேலே தூக்காது’ என எம் கையாலேயே திருத்தி எழுதினோம். இனி ஒரு கலைச்சொல் எதிர்ப்படுமாயின், மாணாக்கர் அதனை மனனஞ் செய்யுமுன், ‘திறந்தது எது? எங்கே திறந்துளது? அதனை நிறைவு செய்பவர் யார்?’ என வினவிப் பழகுக. அறிந்தவர் அயலிலுள்ள தொழிலாளராயினும் அவரை அணுகிக் கேட்க நாணாதிருக்க. பழைய மாணவருட் பொறியியலும் தொழில்நுட்பமும் பயின்றோர், ஆண்டில் ஒருநாளேனும் கல்லூரிக்கு வந்து இத்தகைய பொருள்களைத் தமிழில் எடுத்துரைப்பாராயின், இவ்விழாவின் பயன் நெடுங்காலம் நிலைக்கும். கல்லூரி வாழ்க!